ஸ்வால்பார்டுக்கு அவரை விதை அனுப்ப முடியுமா?

பாட்டி காலத்து அவரை விதையை நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்துக்கு நேரடியாக அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. 2008-இல் திறந்த அந்தப் பெட்டகம் மரபணு வங்கிகளிடம், அதாவது பயிர் விதைகளைச் சேகரித்துக் காக்கும் நிறுவனங்களிடம் மட்டுமே விதை பெற்றுக்கொள்ளும். உங்கள் நாட்டு மரபணு வங்கிக்கு எழுதுங்கள். ரகத்தின் பெயர், விளைந்த இடம், விதைக்கும் பருவம் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள்.

அதுவரை பத்திரப்படுத்த, குளிரைவிட ஈரத்தைக் கவனியுங்கள். விதைக்குள் இருக்கும் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை அறிவியலில் பழைய கணக்கு. நிழலில் நன்றாகக் காயவைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, அப்புறம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்தால் புட்டியின் குளிர் முழுக்கத் தணிந்த பிறகே திறக்க வேண்டும். தயவுசெய்து மொத்த விதையையும் ஒரே இடத்தில் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சத்தை இந்தப் பருவத்திலேயே விதைத்துப் பெருக்குங்கள்.