எம்.எல்.ஏ. மேடையில் பேசியதற்கு கேஸ் கொடுக்க முடியுமா?

கேள்வி: காரிமங்கலம் பக்கம் நடந்த கூட்டத்தில், வெளியூர் எம்.எல்.ஏ. ஒருவர் எங்கள் சமூகத்தைச் சொல்லி, "இவங்களை ஊர்ல இருக்கவே விடக்கூடாது" என்றார். ஸ்டேஷனில், "எம்.எல்.ஏ.ன்னா அரசு அனுமதி வேணும்" என்று அனுப்பிவிட்டார்கள். சரியா?

பதில்: பாதி சரி. அந்தப் பாதியைச் சொல்லியே ஆட்களைத் திருப்பி அனுப்புவது வாடிக்கையாகிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதா (இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த சட்டம்) 196-வது பிரிவில் (பகைமை வளர்ப்பது, 3 ஆண்டு வரை சிறை) கோர்ட் வழக்கை ஏற்பதற்குத்தான் அரசு அனுமதி வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு அந்த அனுமதி தேவையில்லை. அந்த அனுமதியும் எம்.எல்.ஏ. என்பதற்காக அல்ல, யார் பேசியிருந்தாலும் வேண்டும்.

சட்டமன்ற உரிமை என்று யாராவது சொன்னால் அசராதீர்கள். அரசியல் சாசனம் 194(2) காப்பது சபையிலும் அதன் குழுக்களிலும் பேசியதை மட்டும். "சபையிலேயே சொன்னதுதானே" என்பார்கள். சபாநாயகர் அனுமதிக்காத தன் கேள்விகளைப் பத்திரிகையில் போட்ட வங்காள எம்.எல்.ஏ.வுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 1961-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சபையில் சொன்னது சபையோடு. மைக்கில் சொன்னதற்கு அவரே பொறுப்பு.

ஆனால் கட்சியைத் திட்டியது, திட்டத்தைக் கிண்டலடித்தது எல்லாம் குற்றமாகாது. 2025 மார்ச்சில் ஒரு எம்.பி.யின் கவிதை வழக்கை ரத்து செய்த சுப்ரீம் கோர்ட், தொட்டதற்கெல்லாம் புண்படுகிறவரை அளவுகோலாக வைக்கக் கூடாது என்றது. எனவே புகாரில் "தரக்குறைவாகப் பேசினார்" என்று எழுதாதீர்கள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே, நேரம், இடத்தோடு எழுதுங்கள்.

எஃப்.ஐ.ஆருக்கு முன் போலீஸ், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து, பேசியவர் அப்படி இல்லாவிட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 18ஏ பிரிவைக் காட்டுங்கள், எஃப்.ஐ.ஆருக்கு முன் விசாரணையே தேவையில்லை. சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்தது என்று ஸ்டேஷனில் தரும் சீட்டு) எஃப்.ஐ.ஆர். ஆகாது. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு.

"எஸ்.பி. ஆபீஸ்ல ஆள் இருக்கு" என்று பணம் கேட்கும் புரோக்கரை மட்டும் சேர்க்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகலே இலவசம். அவர் நடக்காத கொலை மிரட்டலையும் சேர்த்து எழுதுவார், கூட்டத்துக்கே வராத மூன்று பேரைச் சாட்சியாகப் போடுவார். குறுக்கு விசாரணையில் முதல் சாட்சியிடமே வழக்கு சரியும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும், பாட்டு சேர்த்த துண்டு வீடியோவை நம்பாதீர்கள். முழுப் பேச்சையும் படம் பிடித்தவரைத் தேடுங்கள். புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய அதிநியம்) 63-வது பிரிவுப்படி ஹாஷ் எண்ணோடு (வீடியோ மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) சான்றிதழ் தர வேண்டியிருக்கும். அதுவரை அந்த போனை ரீசெட் செய்யவோ எக்ஸ்சேஞ்சில் போடவோ விடாதீர்கள்.