அடுப்பில் போன ஆறு புத்தகங்கள்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பாடப் புத்தகத்தைத் திறந்தால் பத்தே நிமிடத்தில் கொட்டாவி. டெக்ஸ் வில்லர் காமிக்ஸ், பேய்க் கதை என்றால் மட்டும் ராத்திரி பன்னிரண்டு மணி வரை போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிக்கிறான். போன வாரம் என் வீட்டுக்காரர் கோபத்தில் அவனுடைய ஆறு புத்தகங்களை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவன் அப்பாவிடம் பேசுவதில்லை. இவனை நல்ல புத்தகங்கள் பக்கம் திருப்புவது எப்படி?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் அந்த அடுப்புதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் மகன் படிக்கிற பையன். பாடத்துக்கும் கதைக்கும் நாம் 'படி' என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். கதையில் மூழ்கியிருப்பவனைப் பார்த்து 'போய்ப் படிடா' என்கிறோம். அப்படியானால் அவன் இவ்வளவு நேரம் செய்துகொண்டிருந்தது என்ன?

டெக்ஸ் வில்லர் 1948-ல் இத்தாலியில் பிறந்த கதாநாயகன். சில கதைகள் இருநூறு பக்கங்களைத் தாண்டும். அதே ஆள், அதே துப்பாக்கி என்று உங்களுக்குச் சலிப்பாகத் தெரியலாம். ஆனால் ஆட்களும் இடமும் பழகியவை என்பதால்தான் அவன் கண் எங்கும் தடுக்காமல் ஓடுகிறது. ஓடி ஓடித்தான் வேகம் வரும். நாளைக்கு நீளமான பத்தி ஒன்றைப் பார்த்து மிரளாமல் இருக்க இந்தப் பழக்கம் வேண்டும். பேய்க் கதையும் அப்படித்தான். பதினைந்து வயதில் பயத்தைக் கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்க ஆசை வரும். இருட்டினால் மூடுபனி இறங்கி, தேயிலைத் தோட்டத்தில் கரடி நடமாடுகிற ஊரில் வளரும் பிள்ளைக்கு அது இன்னும் அதிகமாகவே இருக்கும்.

நான் குன்னூரில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான ஒரு லயன் வீட்டில் வளர்ந்தவள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையை நான் சத்தமாகப் படிப்பேன், அம்மா பூண்டு உரித்துக்கொண்டே கேட்பாள். 'தொடரும்' என்று முடிந்தால் அவளுக்கு என்மேல்தான் கோபம் வரும். அந்தக் கதைகளில் பாதிக்கு இன்று பெயர்கூட நினைவில்லை. பிற்பாடு கனமான நாவல்களுக்குப் போனேன். யாரும் தள்ளிவிடவில்லை, பழையது போதாமல் நானே தேடிப் போனேன்.

அதனால் எதையும் அவன் கையில் திணிக்காதீர்கள். அவன் ருசிக்குப் பக்கத்தில் இருப்பதைக் கண்ணில் படும்படி வைத்தால் போதும். குமாயுன் மலையில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போன ஜிம் கார்பெட்டின் புத்தகம் 1944-ல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. பேய்க் கதையின் படபடப்பு அதிலும் உண்டு, நடந்ததோ நிஜம். ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' உங்கள் மலையின் கதை. படகர் வாழ்க்கைக்குள் தேயிலையும் பணமும் நுழைந்ததைச் சொல்கிற நாவல். அவனுக்கு இப்போது அது மெதுவாகத் தோன்றலாம். நீங்கள் எடுத்துப் படியுங்கள். அம்மா ஒரு கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதை அவன் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாளில் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போய், எடுப்பதை அவனிடமே விட்டுவிடுங்கள்.

ராத்திரி பன்னிரண்டு மணி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். தூக்கம் கெட்டால் மறுநாள் வகுப்பு போச்சு. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம், விளக்கைப் போட்டுக்கொண்டு, எல்லோர் முன்னாலும் படிக்கட்டும். போர்வை தேவைப்படாது. ஆனால் 'மார்க் குறைந்தால் புத்தகம் கிடையாது' என்ற பேரம் மட்டும் வேண்டாம். பாடத்தில் கொட்டாவி வருவது வேறு சங்கதி. எந்தப் பாடம், எந்த இடத்தில் புரியாமல் போனது என்று அவனிடமும் ஆசிரியரிடமும் கேளுங்கள். கதைப் புத்தகம் எரிந்ததால் கணக்கு வந்துவிடாது.

சரி, அந்த அடுப்பு. சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972-லும் லயன் காமிக்ஸ் 1984-லும் தொடங்கின. உங்கள் வீட்டுக்காரரும் சின்ன வயதில் இரும்புக்கை மாயாவியைப் புரட்டியிருப்பார், கேட்டுப் பாருங்கள். அப்புறம் அவரே மகனிடம் போய், 'நான் செய்தது தப்பு' என்று சொல்லட்டும். நீங்கள் நடுவில் தூது போக வேண்டாம். எரிந்தவை எவை என்று மகனிடம் அவரே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்த ஆறில் ஒன்றிரண்டு கூடப் படிக்கிற பையனிடம் இரவல் வாங்கியதாக இருக்கலாம். அப்படி இருந்தால் ஒரு வாரமாக அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க முடியாமல் உங்கள் மகன் தவித்துக்கொண்டிருப்பான். முதலில் அந்தப் புத்தகங்களை வாங்கிக் கொடுங்கள்.