மறியல் வழக்கை அரசு திரும்பப் பெற்றால் அது விடுதலையா?

வணக்கம் அய்யா. பெருந்துறைப் பக்கம் வாய்க்கால் தண்ணீருக்காக நடந்த மறியலில் உங்கள் தம்பி மேல் போட்ட வழக்கை அரசு திரும்பப் பெற்றுவிட்டது என்கிறார்கள், இனிப் பயமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரசு வழக்கறிஞர் மனுப் போட்டதாலேயே வழக்கு முடிந்துவிடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 360ஆம் பிரிவும் நீதிமன்றத்தின் இசைவைக் கட்டாயமாக்குகின்றன. குற்றச்சாட்டு வனைவது என்றால், எந்தக் குற்றங்களுக்காக விசாரணை என்று நீதிபதி முறைப்படி எழுதிப் பதிவு செய்வது. நீதிபதி அதற்கு முன் இசைவு தந்தால் அது வெறும் விடுவிப்பு. மீண்டும் வழக்குத் தொடர வழி இருக்கிறது. வனைந்த பிறகு தந்தால் அது விடுதலை. அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதையே குற்றச்சாட்டு வனைவதாகப் பலர் எண்ணிக்கொள்வது வருத்தத்துக்குரியது. இரண்டாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய பிரிவுகள் மட்டுமே உள்ள அழைப்பாணை வழக்கில் முறைப்படி குற்றச்சாட்டு வனைய வேண்டியதே இல்லை என்பதால், அங்கே நீதிமன்றம் இசைந்தாலே விடுதலைதான். பஸ் கண்ணாடி உடைந்து பொதுச்சொத்துச் சேதப் பிரிவும் சேர்ந்திருந்தால் நிலைமை வேறு; அங்கே குற்றச்சாட்டு வனைந்தாயிற்றா என்று பார்க்க வேண்டும்.

வாய்ப்பேச்சை நம்பாமல், நீதிமன்ற நகல் பிரிவில் மனுக் கொடுத்து உத்தரவின் சான்றிட்ட நகலைத் தம்பியை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் வரும்போது காட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.