ஃபில்டர் மாற்றியபின் விசில் சத்தமா? மூடியைப் பாருங்கள்

தண்டையார்பேட்டை நண்பருக்கு, காரின் இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரை நீங்களே மாற்றிய மறுநாளிலிருந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் விசில் சத்தம் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள், பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்கார்ந்திருக்காது. எனக்கும் இதேதான் நடந்தது. முன்பக்கக் கிளிப்புகள் மாட்டிக்கொள்ளும், ஆனால் பின்பக்கக் கொக்கிகள் பள்ளத்தில் இறங்காமல் நிற்கும். விரலால் தடவினால் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். இன்ஜின் ஆறியதும் மூடியைக் கழற்றி, ஃபில்டரின் ரப்பர் ஓரம் எங்காவது மடிந்திருக்கிறதா பாருங்கள், பெட்டிக்குள் இருக்கும் தூசியைத் துணியால் துடைத்துவிட்டு முதலில் கொக்கிகளை இறக்குங்கள், அப்புறம் கிளிப்புகள். காற்றுக் குழாயின் கிளாம்ப்பையும் இறுக்கிவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி அந்த இடைவெளி வழியாக வடிகட்டாமலே உள்ளே போய் சிலிண்டரைத் தேய்த்துவிடும்.