விஷுவுக்கு ஜப்பான்

கேள்வி: ஜப்பான் கிராமத்துத் திருவிழாவைப் படம் பிடிக்க ஆசை. எப்போது போகலாம்? – வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இந்த விஷுவை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்! ஹிடா மலைநாட்டுத் தகயாமா நகரில் ஏப்ரல் 14, 15 தேதிகளில் வசந்த விழா, 12 தேர்கள். அவற்றில் மூன்றில் கயிற்றில் ஆடும் பொம்மைகள் வேறு. கேமராவை அங்கே திருப்புங்கள். ஆனால் மழை வந்தால் தேரை வெளியே எடுக்கமாட்டார்கள். ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்து பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்வடம் பிடித்தவன் நான். எனக்கு அது பொறுக்கவில்லை! ஏப்ரலை விட்டால் அக்டோபர் 9, 10 தேதிகளில் இலையுதிர்கால விழா உண்டு.

பக்கத்தில் ஷிராகவாகோ என்ற ஊர். கும்பிட்ட கைபோல் செங்குத்தான புல் கூரைகள். பனி வழுக்கி விழத்தான் அப்படி. மேட்டில் ஏறினால் ஊரே ஒரு படத்தில் அடங்கும். அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.