ரோபோ கைக்குப் பிரேக்: கேள்வி பதில்

கொக்குவில்: அண்ணை, கரண்ட் நின்றதும் எங்கட ரோபோ கை பொத்தென்று விழுகிறது. 50:1 கியர்பொக்ஸ் (மோட்டர் 50 சுற்றினால் மூட்டு ஒன்று சுற்றும்). எவ்வளவு பெரிய பிரேக் வேணும்?

தம்பி, கரண்ட் போனால் பிடிக்கிற பிரேக் வாங்குங்கள். அதில் ஸ்பிரிங் எப்போதும் தட்டை அழுத்திக்கொண்டிருக்கும். 24 வோல்ட் கொடுத்தால்தான் காந்தம் இழுத்து விடுவிக்கும். இனிக் கணக்கு. மூட்டிலிருந்து அரை மீட்டரில் 5 கிலோ, கை கிடையாக நிற்கிறது என்றால் ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர். கையின் சொந்தப் பாரத்தையும் கூட்டுங்கள். கியர்பொக்ஸின் வெளித்தண்டில் பிடிப்பதென்றால் அவ்வளவையும் பிரேக்கே தாங்க வேண்டும். மோட்டர் தண்டில் வைத்தால் 50ஆல் பிரியும், அரை நியூட்டன் மீட்டர்தான். இரண்டு மடங்காக 1 எடுங்கள். ஆனால் இடையில் பெல்ட் இருந்து அறுந்தால் அந்தப் பிரேக்கால் பயனில்லை. கைக்குக் கீழே தலையைக் கொடுக்க முன் முட்டு வையுங்கள்.

சாவகச்சேரி: மோட்டர் வயர் இரண்டையும் சேர்த்துவிட்டால் போதாதா?

போதாது. சுற்றும்போது மட்டும்தான் எதிர்க்கும். கை மெல்ல இறங்கியே தீரும்.

கிளிநொச்சி, பொறியியல் மாணவி: வோர்ம் கியர், அதாவது திருகாணி போன்ற புரி பற்சக்கரத்தைச் சுற்றுவது, பாரம் பின்னால் தள்ளினாலும் சுழலாமல் தானாகவே பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

எல்லா வோர்மும் பூட்டாது, தங்கச்சி. புரியின் சாய்வு உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உராய்வுக் குணகம் 0.1 என்றால் அந்தக் கோணம் 5.7 பாகை; நல்ல கிறீஸில் 0.05 ஆனால் 2.9 பாகைதான். அதிர்வு வந்தால் இன்னும் நழுவும்.

மானிப்பாய்: என்ர கேற் மோட்டர் வோர்ம்தான். ஒருநாளும் நழுவியதில்லை!

உங்கள் கேற் கிடையாக ஓடுகிறது. அதைப் பின்னால் இழுக்கப் பாரமே இல்லை.

மானிப்பாய்: அப்ப கார் ஜக்? அது நேரே தூக்குதே.

சரி, நல்ல உதாரணம். ஜக்கின் புரி மிகச் சரிவு குறைந்தது, தூக்கிய கார் அசையாமல் நிற்கும். ரோபோ நாள் முழுக்க அதிரும். அப்படிப்பட்ட ஜக்கை நம்பியே முட்டு இல்லாமல் காருக்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது. வோர்ம் போடுங்கள், பிரேக்கும் போடுங்கள்.

சுன்னாகம்: மோட்டருக்கே கொஞ்சம் கரண்ட் கொடுத்துப் பிடித்து வைத்தால்?

முதல் கேள்வியே கரண்ட் நிற்பதைப் பற்றியதுதான். மேலே வாசியுங்கள்.

நல்லூர்: என்ன விலை வரும்?

கடையில் கேளுங்கள்.

உரும்பிராய்: பிரேக் இருக்கிறது. ஆனால் பிடிக்க முன் கை கொஞ்சம் இறங்குகிறது.

பிரேக்கின் காந்தக் கொயிலுக்குக் குறுக்கே வெறும் டயோட் போட்டிருப்பீர்கள். அதனால் கொயிலின் கரண்ட் மெதுவாகத்தான் அடங்கும், காந்தமும் பிடித்தபடி இருக்கும். டயோடுடன் தொடராக, எதிர்த்திசையில் ஒரு சீனர் (குறித்த வோல்டுக்கு மேல் பின்பக்கமாகவும் கடத்தும் டயோட்) போடுங்கள். கொயிலுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் டிரான்சிஸ்டர் அந்த மேலதிக வோல்டைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். அப்புறம் புரோகிராமில் பிரேக் பிடித்த பிறகே மோட்டரின் கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள்.