டால்பினில் வல்கன் வரவில்லையா?

கேம்கியூப், வீ கேம்களைக் கணினியில் ஓட்டும் டால்பின் எமுலேட்டரில் வல்கனைத் தேர்ந்தெடுத்தால் பிழை வருகிறது என்று கேட்டீர்கள். கிராபிக்ஸ் பேக்எண்டை (படத்தைத் திரையில் வரையும் வழி; வல்கனும் டைரக்ட்3டி-யும் அப்படிப்பட்டவைதான்) டைரக்ட்3டி 11-க்கு மாத்துங்க அண்ணாச்சி, கேம் திறக்கும். வல்கனில் பிழை வருவது டால்பின் கோளாறு இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கிய அந்தப் பழைய லேப்டாப்பில் 4-ஆம் தலைமுறை இன்டெல் சிப் என்கிறீர்கள், விண்டோஸில் இன்டெல் வல்கன் டிரைவர் தருவதோ 6-ஆம் தலைமுறையிலிருந்துதான், அதனால் டால்பினை எத்தனை தடவை அழித்துவிட்டுப் போட்டாலும் வராது.

ஒன்று மட்டும் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறந்தால் என்விடியாவோ ஏஎம்டியோ இரண்டாவதாக இருக்கிறதா? இருந்து, அது வல்கன் உள்ள சிப் என்றால், டால்பினில் அடாப்டரை அதற்கு மாற்றி வல்கனை முயலலாம்.

லினக்ஸில் மெசா என்ற கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பு உங்கள் இன்டெல் சிப்புக்கும் வல்கன் தருகிறது, ஆனால் அரைகுறைதான். அதற்காக மட்டும் லினக்ஸுக்கு மாற வேண்டாம். அப்புறம், டைரக்ட்3டி-யில் தொடக்கத்தில் திக்கித் திக்கி ஓடும், ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) சேரச் சேர அந்தத் திக்கல் குறையும். ரெசல்யூஷனை நேட்டிவிலேயே (கேமின் அசல் அளவிலேயே) விடுங்கள்.